முதல் டிரெய்னர் மாடல் விமானத்துக்கு 40 இன்ஜினா, 46ஆ?

வணக்கம். பால்சா மரத்தில் ஒரு டிரெய்னர், அதாவது ரிமோட்டில் பறக்கவிடப் பழகும் மாடல் விமானம், கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கை மேலே இருக்கும் வகை, முனைக்கு முனை ஒன்றரை மீட்டர். எல்லாம் சேர்த்து எடை இரண்டரை கிலோ வரும். வரைபடத்தில் இன்ஜினுக்கு '40 முதல் 46 வரை, டூ ஸ்ட்ரோக்' என்று போட்டிருக்கிறது. அதாவது 0.40 முதல் 0.46 கன அங்குலம், 6.5 சிசியிலிருந்து 7.5 சிசி வரை. குழப்பமே இங்கேதான்.

46 வாங்கினால் சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கும், புல்தரையில் எழும்பச் சிரமப்படாது, தேவையில்லாதபோது திராட்டிலைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார் கூடப் பறக்கவிடும் அண்ணன் ஒருவர். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பால் பேரிங் இல்லாத, வெறும் புஷ்ஷிங் (தண்டு சுழலும் உலோகக் குழல்) வைத்த 40 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எரிபொருளில் இருக்கும் மெத்தனால் ஈரத்தை இழுப்பதால் பேரிங் துருப்பிடிக்கும், புஷ்ஷிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் அது இந்த எடையை இழுக்குமா?

ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் என்றால் எனக்கு உயிர். வால்வு இடைவெளி பார்க்கும் வேலைக்குப் பயந்து இப்போதைக்கு அதை விட்டுவிட்டேன்.

அப்புறம், 46 போட்டால் 11x5 புரொப்பெல்லர் (விட்டம் 11 அங்குலம், பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், 5 அங்குலம்) நல்லதா, 11x6ஆ? மெதுவாக இறங்க வேண்டும், அதுதான் முக்கியம். 46 போட்டதில் யாருக்காவது மூக்கு கனமாகி சமநிலைக்காக வால் பக்கம் ஈயம் வைக்க வேண்டி வந்ததா? பறக்கவிட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.