சிங்க் அடிப்பெட்டி மறுபடி அடிக்கணும்: ரெண்டு கடை பிளைவுட்லயும் 710 முத்திரை, ஆனா சதுர அடிக்கு 40 ரூபாய் வித்தியாசம்

தையல்மெஷின் (நாகர்கோவில் பக்கம்)

வணக்கம். வீட்டு முன்னறையில தையல் கடை வச்சிருக்கேன். பிளைவுட்டுன்னா எனக்குத் தெரிஞ்சது துணி வெட்டுற மேஜை மேல கிடக்கிற ஷீட் ஒண்ணுதான்.

2020ல சமையலறைக்குக் கீழ்ப்பெட்டி அடிச்சோம். "வாட்டர் ப்ரூஃப் ஷீட்டுக்கா, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு கடையில சொன்னாங்க. எங்க ஊர்ல தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், சுவர் காயறதுக்கே நேரம் இருக்காது. மூணாவது வருஷம் சிங்க் அடிப்பலகை உப்ப ஆரம்பிச்சது. போன மாசம் கேஸ் டியூப் மாத்த வந்த பையன் அதுமேல கையை ஊன்றினான், மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போயிடுச்சு. பிரிச்சுப் பார்த்தா நனைஞ்ச நோட்டுப் புத்தகம் மாதிரி தாள் தாளா வருது. மேல ஒட்டின மைக்கா மட்டும் புதுசு போல பளபளன்னு இருக்கு!

அரிசி டப்பா வைக்கிற பெட்டியில தண்ணியே படல. அதுக்கு வேற சீக்கு. குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை ஓட்டையா இருக்கு, துடைக்கத் துடைக்க மைதா மாதிரி மாவு கொட்டுது.

இப்போ எல்லாத்தையும் புதுசா அடிக்கணும். ஆசாரி 18 எம்எம்ல 11 ஷீட், பின்பக்கத்துக்கு 6 எம்எம்ல 4 ஷீட் எழுதிக் கொடுத்தார். மூணு கடை ஏறி இறங்கினேன். 18 எம்எம்முக்கு வரி இல்லாம சதுர அடி எம்ஆர் (ஈரம் தாங்குற ரகமாம்) 66 ரூபாய், பிடபிள்யூஆர் (கொதிக்கிற தண்ணி தாங்குமாம்) 90. 710ன்னு முத்திரை குத்தினது ஒரு கடையில 98, இன்னொரு கடையில 138. ஒரு ஷீட்டுக்கு 32 சதுர அடி, அப்போ ஷீட்டுக்கு 1,280 ரூபாய் வித்தியாசம். ரெண்டும் ஒரே சிவப்பு, ஒரே வழுவழுப்பு.

துணின்னா ஓரத்தைத் திருப்பி, ரெண்டு இழை உருவி, ஒரு மூலையை நனைச்சுப் பார்த்துச் சொல்லிடுவேன். இதுல எதை உருவுறது?

மாடிவீடு

எதுக்குக்கா பிளைவுட். அலுமினியம் போட்டுட்டுப் போங்க. உப்பாது, உளுக்காது.

தையல்மெஷின்

என் தங்கச்சி வீட்ல அலுமினியம்தான் தம்பி. கதவு மூடுறப்போ எல்லாம் பஸ் ஷட்டர் இறக்குற சத்தம். வேண்டாம்.

பழைய கடைக்காரன் (திருநெல்வேலி)

தங்கச்சி, நான் 19 வருஷம் பிளைவுட் கடையில் நின்றவன். இப்போது ஓய்வு. யாருக்கும் வியாபாரம் பிடித்துக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாததால் உள்ளதைச் சொல்கிறேன்.

ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பேன் என்று எழுதினீர்களே, பிளைவுட்டுக்கும் அதேதான். முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே ஒட்டுகிற முக வெனீர் (மெல்லிய மரத்தாள்) அரை மில்லிமீட்டர் இருந்தாலே பெரிய விஷயம். சிவப்பாக இருந்தால் கர்ஜன் மரம், கர்ஜன் என்றால் உசத்தி என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கர்ஜன் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2014 ஏப்ரலில் அவர்கள் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆப்பிரிக்க ஒக்கூமே வெனீர் நிறையப் புழக்கத்துக்கு வந்தது. அது வெளிர் நிறம். வாடிக்கையாளர் சிவப்புதான் கேட்கிறார் என்று அதில் சாயம் ஏற்றுவார்கள். சாயம் ஏற்றிய ஷீட்டை நானே எத்தனையோ விற்றிருக்கிறேன். அதனால் நிறத்துக்கு மதிப்பெண் பூஜ்யம்.

710 என்பது ஐஎஸ் 710, மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். எம்ஆரும் பிடபிள்யூஆரும் ஐஎஸ் 303ல் வரும். சோதனைச் சாலையில் எம்ஆர் துண்டை 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் போடுவார்கள். பிடபிள்யூஆர் என்றால் கொதிக்கிற தண்ணீரில் 8 மணி நேரம், 710 என்றால் 72 மணி நேரம். பிறகு கத்தியை நுழைத்து நெம்பி, அடுக்கு பிரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இது பசைக்கு வைக்கிற பரீட்சை. மரம் ஊறத்தான் செய்யும், உப்பத்தான் செய்யும். பசை விடாமல் பிடித்தால் காய்ந்ததும் பழைய நிலைக்கு ஓரளவு வந்துவிடும். உங்கள் பலகை தாள் தாளாக வந்தது என்றால் அதில் யூரியா பசைதான் போட்டிருப்பார்கள், எம்ஆருக்குப் போடுகிற சரக்கு. வெட்டிய ஓரத்தில் பசைக் கோடு வெளுத்து, இருக்கிற இடமே தெரியாது. பீனால் பசை என்றால் அடுக்குக்கு அடுக்கு கருஞ்சிவப்பாகப் பேனாவால் கோடு போட்டதுபோல் தெரியும்.

மாவு கொட்டுவது கறையான் இல்லை. கறையான் மண்பாதை கட்டிக்கொண்டு வரும். இது வண்டு. நம் பக்கத்துக்கு நிறைய வருவது கேரளா பெரும்பாவூர் ஷீட், உள்ளே ரப்பர் மரம். ரப்பர் மரத்தில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு அது விருந்து. போரிக் ஆசிட், போராக்ஸ் கலந்த மருந்தில் ஊறவைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். மலிவு விலைக்குப் போடுகிறவர்கள் அங்கேதான் கையை வைப்பார்கள். ஹரியானா யமுனா நகர் ஷீட் என்றால் உள்ளே பாப்லரும் யூகலிப்டஸும். முழுக்க பாப்லர் என்றால் இலேசாக இருக்கும், தூக்கும்போதே தெரியும். கெட்டி மரம் உள்ள 18 எம்எம் ஷீட் 8க்கு 4 அளவில் 35 கிலோவை ஒட்டி இருக்கும். ஆனால் ஈரமாக வந்த ஷீட்டும் கனக்கும், கனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கடைசியாக முத்திரை. ஐஎஸ்ஐ குறிக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கி ஓர் உரிம எண் இருக்கும். போனில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று எல்லாம் வந்துவிடும். "710 கிரேடு", "710 டைப்" என்று பெரிதாக அச்சடித்து, ஐஎஸ்ஐ குறியே இல்லாத ஷீட்டுகளும் உண்டு. 98 ரூபாய் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொரு தடவை போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

உளி (தக்கலை)

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. நான் ஆசாரி, என் பக்கத்துக்கும் கொஞ்சம் சொல்லிக்கிறேன்.

மொதல்ல எங்க ஆளுங்க விஷயம். ஷீட்டுக்கு இவ்வளவுன்னு கடையில கமிஷன் உண்டு, மறைக்க ஒண்ணும் இல்ல. அதுக்காக உங்க ஆசாரி ஏமாத்துறார்னு இல்ல. ஆனா "இந்தக் கடையிலதான் எடுக்கணும்"னு பிடிவாதம் பிடிச்சா "உங்க கமிஷனை நான் கூலியில சேத்துத் தாறேன், ஷீட்டை நான் பாத்து எடுக்கேன்"னு நேராச் சொல்லுங்க. நான்னா ஒத்துக்குவேன்.

வெர்னியர் (தடிமன் அளக்குற கருவி) இருந்தா கொண்டு போங்க. போன வருஷம் 18னு வந்த ஷீட்டை அளந்தேன், 16.3. உள்பக்கம் வைக்கிற ஹிஞ்சுக்கு 35 எம்எம் வட்டத்துல 12 எம்எம் ஆழத்துக்குக் குழி எடுக்கணும். 16ல 12 போனா மிச்சம் என்ன? அங்க லேயர்ல ஒரு பொந்து இருந்துச்சுன்னா டிரில் மறுபக்கம் மைக்காவைத் தொட்டுடும். பொந்தைக் கண்டுபிடிக்க ஷீட்டை நிறுத்தி வச்சு நாலு ஓரத்துலயும் டார்ச் அடிங்க. எலி வளை மாதிரி கருப்பாத் தெரிஞ்சா திருப்பி அனுப்புங்க. நடுவுல சுத்தியல் பிடியால தட்டிட்டே போங்க, சத்தம் மாறுற இடத்துல கை நிக்கும்.

இன்னொண்ணு. உங்க பழைய பெட்டி கெட்டதுக்கு ஷீட் மட்டும் காரணம்னு நான் நினைக்கல. அடிப்பலகை தரையில உக்காந்திருந்துச்சா? சுவர்ப் பக்கத்து ஓரம் மைக்கா இல்லாம வெறும் மரமா இருந்துச்சா?

தையல்மெஷின்

தம்பி, நேர்ல வந்து பார்த்த மாதிரி கேக்குறீங்க. தரையிலதான் உக்காந்திருந்தது. பின்னாடி வெறும் மரம், ஒண்ணும் ஒட்டல. பைப் போற ஓட்டையைச் சுத்தியும் அப்படியே விட்டிருந்தாங்க.

அண்ணன் சொன்னபடி மறுபடியும் போய்ப் படிச்சேன். 98 ரூபாய் ஷீட்டுல "710 கிரேடு, நீராவி தாங்கும்"னு இருக்கு. ஐஎஸ்ஐயும் இல்ல, எண்ணும் இல்ல. 138 ரூபாய்க்காரங்க எண்ணை ஆப்ல போட்டேன், சரியா வந்தது. 90 ரூபாய் பிடபிள்யூஆரும் வந்தது.

மூணு கடையிலயும் மாதிரித் துண்டு கேட்டேன். விசிட்டிங் கார்டு அளவுல நாலு கிடைச்சது. எனக்கு உருவிப் பார்க்காம மனசு ஆறாதே. எது எதுன்னு குழம்பாம இருக்க, துணிக்கு நாச் வெட்டுற மாதிரி ஓரத்துல ஒரு வெட்டு, ரெண்டு வெட்டுன்னு அடையாளம் வச்சேன். ஞாயித்துக்கிழமை கொல்லைப்புறத்துல வெந்நீர் அடுப்புல தென்னை மட்டையைத் திணிச்சு, இனிமே சமையலுக்கு ஆகாத அலுமினியச் சட்டியில நாலையும் போட்டு, மிதக்காம இருக்க மேல ஒரு அம்மிக்குழவி வச்சேன்.

66 ரூபாய் எம்ஆர் 35 நிமிஷத்துல விரிஞ்சது. எடுத்து உதறினா அஞ்சாறு தாளா விழுது. அது எம்ஆர், கொதிக்க வைக்கிறதே அநியாயம்னு தெரியும், இருந்தாலும் பார்த்தேன். ரெண்டாவது மணி நேரத்துல தண்ணி கட்டன் சாயா நிறத்துக்கு வந்துடுச்சு. மூணாவது மணி நேரத்துல 98 ரூபாய் 710 ஒரு மூலையில வாயைத் திறந்தது. ஊசி நுழைச்சேன், போயிட்டே இருந்தது. மட்டையைத் தள்ளிட்டே, நடுவுல ரெண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சேன். சாயங்காலம் 8 மணி நேரம் ஆனதும் எடுத்தேன். 90 ரூபாயும் 138 ரூபாயும் உப்பியிருந்தது, ஆனா எங்கேயும் பிரியல. துணி வெட்டுற கத்திரி முனையை வச்சு நெம்பினேன், மரம்தான் சிராய் சிராயா வந்தது, பசைக் கோடு அப்படியே நிக்குது.

அதாவது 90 தாங்கினது, 98 தாங்கல.

பழைய கடைக்காரன் (திருநெல்வேலி)

19 வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட இப்படிச் செய்ததில்லை! நல்லவேளை, நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

இரண்டு விஷயம். தண்ணீர் சிவந்ததை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. உண்மையான மரமும் கொஞ்சம் நிறம் விடும். பசை பிரிந்ததுதான் கணக்கு. அடுத்தது, நீங்கள் வேகவைத்தது கடைக்காரர் கொடுத்த துண்டு, உங்கள் வீட்டுக்கு வரப்போகிற ஷீட் இல்லை. அதனால் லாரியிலிருந்து இறக்கும்போது ஒவ்வொன்றாக ஓரம் பாருங்கள், ஒவ்வொன்றிலும் சிஎம்/எல் எண்ணைப் படியுங்கள். பில்லில் "பிளைவுட் 18 எம்எம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஐஎஸ் எண்ணும் கம்பெனிப் பெயரும் வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கப் போகும்போது வாய்ச்சண்டைதான் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் 138 ரூபாய் தேவையில்லை. சிங்க் பெட்டி, அதன் இரு பக்கப் பெட்டிகள், அவ்வளவுக்கு 710 போதும். 5 ஷீட் வரும். மீதி 6க்கு பிடபிள்யூஆர். அலமாரிக் கதவு 6 அடிக்கு மேல் உயரமாக ஏதாவது இருந்தால் அதற்கு பிளைவுட்டே வேண்டாம், வளையும். பிளாக் போர்டு (நடுவில் மரக்கட்டைகள் வைத்து ஒட்டிய பலகை) கேளுங்கள்.

தையல்மெஷின்

கணக்குப் போட்டேன். 18 எம்எம் எல்லாம் 138னா 48,576. அண்ணன் சொன்ன மாதிரி கலந்தா 39,360. ஒன்பதாயிரம் மிச்சம். ஆசாரி கமிஷனை அதுலயே கொடுத்துட்டேன், மனுஷன் முகம் மலர்ந்துட்டார்.

நேத்து ஷீட் இறங்கிச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்ததுல ரெண்டு ஷீட்டுல பொந்து, ஒண்ணுல என் சுண்டுவிரல் நுழையுது. டிரைவர் முணுமுணுத்துட்டே திருப்பி ஏத்திட்டுப் போனார். இன்னைக்குக் காலையில மாத்தி வந்துடுச்சு.

உளி தம்பிக்கு ஒரு கேள்வி: உள்பக்கம் மைக்கா வேண்டாம், பெயின்ட் போதும்னு ஆசாரி சொல்றார். பெட்டிக்கு அடியில கால் எவ்வளவு உயரம் வைக்கச் சொல்றது?

உளி (தக்கலை)

கதவுக்கு ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டணும்க்கா. வெளியில 1 எம்எம், உள்ளே 0.8 எம்எம் லைனர் மைக்கா. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா கதவு வில்லு மாதிரி வளையும். பெட்டிக்குள்ள பெயின்ட் போதும், ஆனா சுவர்ப் பக்கம் போற முதுகையும் வெட்டின ஓரத்தையும் மாட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு கோட்டு அடிக்கச் சொல்லுங்க, மாட்டினப்புறம் கை போகாது. பைப் ஓட்டை ஓரத்துல சிலிக்கான்.

கால் பிவிசில 4 இஞ்ச் போதும். துடைப்பம் உள்ளே போயிட்டு வரணும்.