தறி ஓடுகிறது என்றுதான் நினைத்தேன்

சோமனூர்க்காரன்:

கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போன இடத்தில் பூகம்பம் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது விசைத்தறி ஓடுகிற வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி. ராத்திரி பகல் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும், சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை ஓடும். அதிர்வு நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும், கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில், காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் ஒரு வாடகை மாடியில் ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது காலுக்கடியில் கடகடவென்று ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டில் தறியைப் போட்டுவிட்டார்கள் போல என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தியமாக. ஒரு நொடிதான். அடுத்த நொடி கீபோர்டு ஸ்டாண்டோடு என் மடியில் விழுந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறையே சனிக்கிழமைதான், ஞாயிறு ஆபீஸ் உண்டு, அதனால் சபைகளெல்லாம் சனிக்கிழமை கூடும். பூமி ஆடியது அந்த ஊர் மணிக்குப் பகல் 11:56. கிட்டத்தட்ட எல்லாச் சபையிலும் ஆள் நிறைந்திருந்த நேரம். ஆனால் அதே சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பிறகு இடிந்த வகுப்பறைகளைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெஞ்சின் மேல் உத்தரம் குறுக்கே கிடக்கிறது, கீழே பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு கிழமை யாரைக் கொன்றது, யாரை விட்டது என்று இன்றைக்கும் எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை.

"புயிஞ்சாலோ ஆயோ" என்று ஒரு அம்மா கத்தினார். பூகம்பம் வந்துவிட்டது என்று அர்த்தம். கதவுப் பக்கம் போனால் மாடிப்படி பாம்பு மாதிரி நெளிகிறது. நாற்பது, ஐம்பது நொடி ஆடியிருக்கும். அதற்குள் யார் யாரை இழுத்துக்கொண்டு எப்படி இறங்கினோம் என்று ஞாபகமில்லை. தெருவுக்கு வந்த பிறகு ஞாபகமிருப்பது காக்காய்கள்தான். வானம் முழுக்கக் காக்காய். கீழே இறங்கவே இல்லை. அப்புறம் எதிர்ச்சந்திலிருந்து செங்கல் தூசி செம்மண் காற்று மாதிரி எழும்பி வந்து எல்லார் முகத்தையும் ஒரே நிறமாக்கிவிட்டது.

எல்லாரும் வெறுங்கால். அங்கேயும் நம் ஊர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சபைக்குள் போவார்கள். ஐம்பது அறுபது ஜோடி செருப்பு மாடியிலேயே கிடக்கிறது, எடுக்கப் போக ஒருவருக்கும் தைரியமில்லை, சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். ரெண்டு நாள் கழித்து ஒரு பெண் பிள்ளை, பத்தொன்பது வயது இருக்கும், யாரையும் கேட்காமல் மேலே போய் ஜன்னல் வழியாகச் செருப்புகளை ஒவ்வொன்றாக வீச ஆரம்பித்தாள். கீழே நின்றவர்கள் சிரித்தோம். பூகம்பத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு அதுதான். எனக்குக் கிடைத்தது யாருடையதோ நீலச் செருப்பு, ஒரு சைஸ் சின்னது.

ஊழியம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அங்கே ஒருவரை மதம் மாற்றுவது அப்போதே சட்டப்படி குற்றம். இந்தியர் என்பதால் விசா இல்லாமல் போனேன், சபைப் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன், அவ்வளவுதான். பிள்ளைகள் என்னைத் 'தாய்' என்பார்கள். அண்ணன் என்று அர்த்தம். அம்மாவுக்கு அவர்கள் பேச்சில் 'ஆமா'. முதல் மாதம் இது ரெண்டையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனிக் கதை.

நான் குடியிருந்த வீட்டுக்காரரின் தாயாரைத்தான் எல்லாரும் ஆமா என்பார்கள். நேவார் இனம், விடிகாலையில் விளக்கு வைத்துப் பூ போடாமல் டீ குடிக்க மாட்டார். என் சபைக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. காலிஃப்ளவர் தோட்டத்து ஓரமாக ஒரு தார்ப்பாய்க்குக் கீழே பதினேழு பேர் படுத்திருந்தோம். ராத்திரி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார், அந்தப் பதினேழில் என்னையும் சேர்த்து. அவல், சர்க்கரை, 'வாய் வாய்' என்கிற பாக்கெட் நூடுல்ஸைப் பச்சையாக நொறுக்கியது, இதுதான் சாப்பாடு. மறுநாள் மத்தியானம் 6.7 அளவில் மறுபடி ஒன்று அடித்தபோது அவர் முதலில் பிடித்தது என் சட்டையைத்தான். சுவிசேஷம் சொல்லப் போனவன் நான், சோறு போட்டுக் காவல் காத்தது அவர்.

1934 பூகம்பத்தைத் தன் தாயார் சொல்லக் கேட்டதாகச் சொல்வார். அங்கே அதைத் தொண்ணூறாம் வருஷத்துப் பூகம்பம் என்பார்கள், அவர்கள் காலண்டரில் அது 1990. காத்மாண்டு தரஹரா கோபுரம் அப்போதும் விழுந்தது, இப்போதும் விழுந்து அடிக்கட்டை மட்டும் நின்றது. விடுமுறை நாள் என்று மேலே ஏறிப் பார்க்கப் போனவர்கள்தான் பாவம்.

மையம் கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் பக்கம், 7.8. சுமார் 9,000 பேர் போனார்கள், 5 லட்சம் வீடுகளுக்கு மேல் தரைமட்டம். மலைக்கிராமத்தில் வீடு என்பது கல்லும் சேறும் வைத்துக் கட்டியது, அது தாங்குமா? காத்மாண்டு பள்ளத்தாக்கோ ஒரு காலத்தில் ஏரி, அடியில் வண்டல்தான், அதனால் ஆட்டம் இன்னும் கூடுதல். என்னிடம் படித்த பத்து வயதுப் பையன் பாடப்புத்தகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு, "தாய், உங்க இந்தியாதானே எங்களுக்கு அடியில புகுந்து இடிக்குது?" என்று கேட்டான். உண்மைதான். என்ன பதில் சொல்ல?

மே 12 அன்று தண்ணீர் வரிசையில் நிற்கும்போது 7.3 மறுபடி வந்தது. அதோடு வீட்டார் அழுகை தாங்காமல் பஸ் பிடித்துக் கோரக்பூர், அங்கிருந்து ரயில்.

வந்த முதல் ஞாயிறே சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய ஒருவர், விக்கிரக ஆராதனைக்கு வந்த நியாயத்தீர்ப்பு, ஆண்டவர் தம் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்தார் என்றார். நான் மைக்கை வாங்கி, அன்றைக்கு அதே நேரத்தில் ஆராதனையில் இருந்தபடியே செத்தவர்களும் உண்டு, என்னைப் பார்த்துக்கொண்டது விளக்கு வைக்கிற ஒரு அம்மா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

வீட்டில் தூங்கத்தான் முடியவில்லை. நேபாளத்தில் நிஜமாக ஆடுகிறதா, மனப்பிரமையா என்று தெரிய ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டே படுப்போம். அதே பழக்கத்தில் இங்கேயும் வைத்தேன். தறிக்காரன் வீட்டில் அது எங்கே நிற்கும்? அப்பாவிடம் ஒரு ராத்திரி மட்டும் நிறுத்துங்கள் என்றேன். "பாவு ஏத்தியாச்சு கண்ணு, நிறுத்துனா கூலிக்கு என்ன பதில் சொல்றது" என்றார். அப்புறம் ரெண்டு மாதம் வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில்தான்.

கோபி அம்மிணி:

அண்ணா, படிச்சுட்டு அழுதுட்டேனுங்க. எங்க சித்தி கன்னியாஸ்திரி, ஹைட்டியில் இருந்தார். 2010 ஜனவரி 12 சாயந்திரம் 4:53, 7.0. நமக்கு அப்போது விடிகாலை மூணேகால் தாண்டியிருக்கும், பால் கறக்க எழுந்த அம்மாயி (அம்மாவின் அம்மா) டிவி போட்டுப் பார்த்தால் போர்ட்-ஓ-பிரின்ஸ் பேராலயமே இடிந்து கிடக்கிறது, பேராயரும் இறந்துவிட்டார் என்று பிறகு செய்தி. ஐந்து நாள் போன் இல்லை. அம்மாயி அந்த ஐந்து நாளும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஆறாம் நாள் சித்தி பேசினார், முதல் கேள்வி "எருமை கன்னு போட்டுச்சா?" அங்கே பார்த்ததைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பல்லடம் வாத்தியார்:

நம் பக்கம் இதெல்லாம் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரையே மையமாக வைத்து ஏறக்குறைய 6 அளவில் வந்திருக்கிறது, தென்னிந்தியா முழுக்க உணர்ந்திருக்கிறார்கள். தம்பி, அந்த அம்மாவோடு இப்போதும் பேச்சு உண்டா?

சோமனூர்க்காரன்:

உண்டுங்க சார். வீட்டைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், இப்போது கான்கிரீட் தூண் போட்டு. தசைன் பண்டிகைக்கு நான் கூப்பிடுவேன், காது மந்தம், அதனால் சத்தமாக "ஆமா... ஆமா..." என்று கத்த வேண்டியிருக்கும். என் அம்மா சமையல்கட்டிலிருந்து, "எதுக்குச் சாமி இத்தன ஆமா போடற, யாருக்காச்சும் கடன் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டயா?" என்பார்.