அப்பாவின் கால் வலியும் சின்சே கொடுத்த கஷாயமும்

சிங்கப்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 20 வருடம். போன வருடம் ஈரச்சந்தை வரை நடந்தாலே ஆடுசதை இறுக்கிப் பிடிக்கும், கொஞ்சம் நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். கிளினிக்கில் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்த்தார்கள். 0.9-க்குக் கீழே போனால் கால் தமனியில் அடைப்பு என்று கணக்கு, அப்பாவுக்கு 0.7.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பாசத்தோடு தன்னுடைய சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், கூட்டிப்போனார். அவர் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் தேங்கி நிற்கிறது, அதை ஓட வைக்க வேண்டும் என்றார். வாங் சிங்ரென் என்ற வைத்தியர் 1830-இல் எழுதிவைத்த கஷாயமாம், அதோடு தான்ஷென் வேரும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டில் பிரித்தால் பாதிக்கு மேல் ஹுவாங்சி வேர்ச்சீவல், நடுவே காய்ந்த மண்புழு! அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார், பாவம்.

மூன்றாவது வாரம் பல் தேய்த்துக் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. அப்பா இதயத் துடிப்புக் கோளாறுக்கு வார்ஃபரின் சாப்பிடுகிறவர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை அது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும், அப்பாவுக்கு 5.8-க்குப் போயிருந்தது. தான்ஷென் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். வேறு என்ன மருந்து என்று சின்சே கேட்டிருக்கிறார், அப்பா சர்க்கரை மாத்திரையை மட்டும் காட்டியிருக்கிறார். கிளினிக்கில் கஷாயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை, டாக்டர் திட்டுவாராம். கூடவே இருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்று இன்னும் மனது அடித்துக்கொள்கிறது.

கஷாயம் நின்றது. இப்போது வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சிதான், வாரம் மூன்று நாள். சந்தைக்குப் போகும்போது ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கிறார்.

*

எங்கள் அத்தானுக்கு வேறு மாதிரி. சீன வைத்தியத்தில் சர்க்கரை நோய்க்குச் சியாவ்கே என்று பெயர், அதே பெயரில் ஒரு கறுப்பு உருண்டை மாத்திரை உண்டு. மூலிகைதானே என்று நண்பர் கொண்டுவந்ததை வேளைக்குப் பத்து விழுங்கினார், டாக்டர் கொடுத்த மாத்திரையும் கூடவே. விடிகாலையில் வேர்த்துக்கொட்டி, பேச்சுக் குழறி, சர்க்கரை 2.9 மில்லிமோல் (இந்தியக் கணக்கில் சுமார் 52). ஒவ்வொரு உருண்டையிலும் 0.25 மில்லிகிராம் கிளிபென்கிளமைடு இருக்கிறது, அதுவும் சர்க்கரையைக் குறைக்கிற ஆங்கில மருந்துதான். பெட்டியில் சீனத்தில் அச்சிட்டிருந்தது, எங்களில் யாருக்குப் படிக்கத் தெரியும்?

*

அம்மாவுக்குக் கஷாயம் இல்லை, மூலிகை போட்ட சுடுதண்ணீரில் கால் வைப்பது மட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனது தெரியாமல், ஆவி பறக்கிற தண்ணீரில் அரைமணி நேரம் இதமாக இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார். மறுநாள் குதிகாலில் எலுமிச்சை அளவு கொப்புளம். ரத்த ஓட்டம் குறைந்த கால், ஆற நான்கு மாதம் ஆயிற்று. இப்போது என் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் எந்தத் தண்ணீரும் அவர் காலுக்குப் போகிறது.