பிவட்டுக்குத் தமிழில் ‘தலைப்பேற்றம்’ சரிவருமா?

வணக்கம்.

ஒரு நெடுவரிசையில் உள்ள மதிப்புகளைத் தலைப்புகளாக்கி அட்டவணையை மாற்றி அடுக்கும் பிவட்டுக்கு (pivot) ‘நிரை நிரல் மாற்று’ என்றே வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளியில் அணிகளின் (மேட்ரிக்ஸ்) வரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்றுவதற்குப் படித்த சொல், காதுக்குப் பழக்கம்தான். ஆனால் பொருள் ஒட்டவில்லை ஐயா. அணியை இருமுறை மாற்றினால் பழைய அணியே திரும்பி வரும். பிவட்டில் அப்படி வராது.

கிளை, மாதம், தொகை என்று மூன்று நெடுவரிசை உள்ள விற்பனை அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிளைக்கு ஜனவரியில் 200, 300 என இரண்டு பதிவுகள். மாதங்களைத் தலைப்பாக்கித் தொகையைக் கூட்டி அறிக்கை எடுத்தால் ஜனவரிக் கட்டத்தில் 500 நிற்கும். அதை அன்பிவட் செய்தால், அதாவது தலைப்புகளை மீண்டும் வரிசைகளாக இறக்கினால், 500 என்று ஒரே வரிசைதான் கிடைக்கும். 200-உம் 300-உம் போனது போனதுதான்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பிவட் கட்டளையே கிடையாது. மாதத்துக்கு ஒரு கேஸ் (நிபந்தனை) எழுதி, அதைச் சம்முக்குள் (கூட்டல்) போட்டு, கிளைவாரியாக குரூப் பை (தொகுப்பு) செய்கிறோம். அப்படிக் கையால் எழுதும்போதுதான் உள்ளே நடப்பது புரிகிறது: கட்டத்துக்குள் கிடந்த மதிப்பு, தலைப்பாக மேலே ஏறுகிறது.

‘நிரலாக்கம்’ என்ற யோசனையும் வந்தது. நிரல் என்றால் கணக்கில் நெடுவரிசை, கணினியில் புரோகிராம். வம்பு வேண்டாம். ‘சுழற்றல்’ ஏற்கெனவே படத்தைத் திருப்புவதற்குப் போய்விட்டது.

என் பரிந்துரை ‘தலைப்பேற்றம்’. வினையாகவும் வளையும்: “மாதத்தைத் தலைப்பேற்றி, தொகையைக் கூட்டு.” பொறுப்பேற்பது போலத் தலைப்பை ஏற்பது என்று ஒருவர் பிரித்துப் படித்தாலும் பொருள் கெடாது. அன்பிவட்டுக்குத் ‘தலைப்பிறக்கம்’.

—

மறுமொழி:

ஏற்றம் பிடித்திருக்கிறது. இறக்கம்தான் இடிக்கிறது, சேர்த்தெழுதினால் ‘தலைப் பிறக்கம்’ என்று கண் படித்துவிடும். ‘தலைப்பு இறக்கம்’ என்று பிரித்தே எழுதுவோமா? எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் 2005 பதிப்பிலேயே பிவட், அன்பிவட் இரண்டு கட்டளைகளும் சேர்ந்துதான் வந்தன, அதனால் சொற்களும் இணையாக இருந்தால் நல்லது.

இன்னொன்று. அங்கே பிவட்டுக்குள் எந்தெந்த மதிப்பு தலைப்பாக வேண்டும் என்று நாமே பெயர் சொல்லியாக வேண்டும். புது மாதம் வந்தால் தானாக ஏறாது. அதனால் வினவலையே (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்வி) ஓடும் நேரத்தில் எழுத்துச் சரமாகக் கோத்து அனுப்புகிறோம். அந்த டைனமிக் எஸ்கியூஎல்லுக்கு ‘கோப்பு வினவல்’ என்று எழுதிப் பார்த்தேன், ஃபைல் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. வேறு சொல் இருக்கிறதா?