பிள்ளையளோட ஊர்க்கோழி அடைவைக்கப் போறம்: என்னென்ன கவனிக்கவேணும்?

விசுவமடு அம்மா:
வணக்கம். பெரியவள் ஏழாம் ஆண்டு, சின்னவன் மூண்டாம் ஆண்டு. பள்ளிக்கூடம் விட்டால் ரெண்டு பேருக்கும் போன்தான். அதைப் பறிச்சு வைக்கிறதைவிடக் கைக்கு வேற வேலை குடுக்கலாம் எண்டு ஊர்க்கோழி அடைவைக்க நினைச்சிருக்கிறம். பக்கத்து வளவில ஒரு பேடு அடைக்குக் குந்தீட்டுது, தரச் சம்மதம். சித்திரை விடுமுறையில குஞ்சு பொரிச்சால் நல்லது.

எத்தினை முட்டை வைக்கலாம்? கடை முட்டையை வைச்சால் என்ன எண்டு சின்னவன் விடாமல் கேக்கிறான். மாமி கூட்டுக்குள்ள கரித்துண்டும் இரும்பாணியும் வைக்கவேணும், இல்லாட்டி இடிக்கு முட்டை கூழாகும் எண்டுறா. பொரிச்ச குஞ்சுக்கு அரிசிக்குறுணி மட்டும் போதுமோ? எங்கட பக்கம் கீரி கூட. வருத்தம் வந்தால் ஒரேயடியா எல்லாம் போகும் எண்டும் சொல்லுகினம். விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மல்லாவி வாசி:
நாள்க்கணக்கு லேசு. கோழிக்கு 21 நாள். மார்ச் 24 இரவு வைச்சால் ஏப்ரல் 14, வருசப்பிறப்பு அண்டு ஓடு உடையும். பழைய முட்டை கலந்திருந்தால் ஒரு நாள் பிந்தும். காலமும் தோது. வாடைமழை முடிஞ்சு நிலம் காய்ஞ்சிருக்கும், காலபோக அறுவடை முடிஞ்ச கையோட பதரும் குறுணியும் மலிவாக் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில வைச்சுப் பொரிக்கிற குஞ்சுகள்தான் ஈரத்தில விறைச்சுக் கனக்கச் சாகிறது.

கடை முட்டையில கரு இல்லை. பண்ணையில முட்டைக்கு வளர்க்கிற பேடுகளோட சேவல் விடுறதில்லை. 21 நாள் அல்ல, 40 நாள் வைச்சாலும் அழுகுமே தவிரப் பொரியாது. சேவல் திரியிற வளவில முட்டை எடுங்கோ. பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும்.

முட்டை ஒரு கிழமைக்கு உட்பட்டதா இருக்கவேணும். வன்னி வெக்கைக்கு 5 நாள் எண்டு பிடியுங்கோ. சூடான அறையில கிடக்கிற முட்டையில கரு அரைகுறையா வளரத் தொடங்கி, அடைக்குப் போக முதலே செத்துப்போகும். ஃபிரிஜ்ஜும் சரிவராது, அந்தக் குளிர் கருவுக்குக் கூடாது. ஈரமணலுக்கு மேல ஒரு மண்சட்டியை வைச்சு, அதுக்குள்ள கூர்ப்பக்கம் கீழ இருக்கிறமாதிரி அடுக்குங்கோ. கழுவாதேங்கோ. ஓட்டுக்கு மேல ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, கழுவினால் அது போய்க் கிருமி உள்ளுக்குப் போகும். ஊத்தை எண்டால் காய்ஞ்ச துணியால துடைக்கலாம். எச்சம் அப்பிக் கிடக்கிறதைக் கறிக்கு விடுங்கோ.

எண்ணிக்கையில ஆசைப்படாதேங்கோ. சின்னப் பேடு எண்டால் 9, பெரிய உடம்பெண்டால் 12. செட்டைக்கு வெளியில ஒரு முட்டை தெரிஞ்சாலே அது கூட. பேடு நாளுக்குப் பலமுறை முட்டையை உருட்டி இடம் மாத்தும், அப்ப ஒவ்வொரு முட்டையும் முறைக்கு வெளியில வந்து குளிரும். 15 வைச்சால் மூண்டு பழுதாகிறதோட நிக்காது, கனக்கப் போகும்.

கூடு: அகலமான மண்சட்டி, இல்லாட்டி மட்டைப்பெட்டி. அடியில ரெண்டு அங்குலம் காய்ஞ்ச மணலோட சாம்பல், மேல வைக்கோல், நடு கொஞ்சம் குழிவா. வைக்கோலுக்குக் கீழ காய்ஞ்ச வேப்பிலை போட்டால் கோழிப்பேன் குறையும். பேன் கடிச்சால் பேடு இருப்புக்கொள்ளாது, 10 நாளில எழும்பிப் போயிடும். பேட்டை இரவில கொண்டுவாங்கோ. முதல் ரெண்டு நாள் கடை முட்டை நாலைஞ்சில இருக்கவிட்டு, உறுதியாக் குந்தீட்டுது எண்டு கண்ட பிறகு இரவோட இரவா நல்ல முட்டையை ஒரே தரமா மாத்துங்கோ. எல்லாத்திலயும் பென்சிலால அடையாளம் போடவேணும். வேற பேடு வந்து முட்டை இட்டால் அதை உடன எடுக்கலாம், விட்டால் பொரிக்கிற நாள் குழம்பும்.

தினம் ஒருக்கா 15, 20 நிமிசம் பேடு வெளியில வரும். அப்ப முழு நெல் அல்லது சோளம், தண்ணி, மண்குளிக்க ஒரு இடம். எழும்பாட்டி மெல்லத் தூக்கி விடலாம், ஆனால் முதலில செட்டைக்குள்ள முட்டை செருகியிருக்குதோ எண்டு பாருங்கோ.

கரியும் ஆணியும் வைக்கிறதால ஒரு தீமையும் இல்லை, மாமி வைக்கட்டும். ஆனால் இடியால முட்டை கூழாகிறதில்லை. பங்குனி, சித்திரையில பின்னேரம் இடியோட மழை கொட்டும். ஒழுக்கு விழுந்து கூடு நனையும், பேடு வெருண்டு எழும்பும், முட்டை குளிரும். பழி இடிக்குப் போகும். கூரையைப் பார்த்தால் சரி.

பிள்ளையளுக்கு ருசியான வேலை ஏழாம் இரவில. மட்டையில முட்டையைவிடச் சின்ன வட்ட ஓட்டை வெட்டி, கீழ போன் ரோச், மேல முட்டையின்ர மொத்தப் பக்கம். சிலந்திமாதிரி நரம்பு ஓடினால் கரு இருக்கு. ஒண்டுமில்லாமல் மஞ்சளாத் தெரிஞ்சால் கருவில்லை. நரம்பு இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் நிண்டால் கரு செத்தது. இந்த ரெண்டையும் எடுத்திடுங்கோ, இல்லாட்டி வெடிச்சு மற்ற முட்டையையும் கெடுக்கும். 14ஆம் நாள் திரும்பப் பார்க்கலாம். 18க்குப் பிறகு தொடவே வேண்டாம். சமையல் தராசு இருந்தால் பெரியவள் நிறை எழுதிவரலாம். 40 கிராம் முட்டை பொரிக்கக்கிட்ட 35 அளவுக்கு இறங்கும், நீர் ஓட்டுக்கால ஆவியாகிறதால.

நெடுங்கேணித் தோட்டம்:
மேல சொன்னதோட ஒண்டு. ஓட்டில முதல் வெடிப்பு விழுந்து குஞ்சு வெளியில வர 12 மணித்தியாலம், சிலது ஒரு நாளும் எடுக்கும். பிள்ளையள் பாவம் பார்த்து ஓட்டை உரிக்கப் போவினம். விடாதேங்கோ. உள்சவ்வில அப்பவும் ரத்தம் ஓடும், உரிச்சால் குஞ்சு ரத்தம் போய்ச் சாகும். முதல் குஞ்சு வந்த உடன பேட்டை இறக்கவும் வேண்டாம். மஞ்சள்கரு வயித்துக்குள்ள இழுபட்டிருக்கிறதால குஞ்சு ரெண்டு நாள் சாப்பாடில்லாமல் இருக்கும்.

குறுணி மட்டும் போதாது. அரிசியில புரதம் 7, 8 வீதம்தான். குஞ்சுக்கு 20 வீதம் அளவில வேணும். குறுணியில மட்டும் வளர்ந்த குஞ்சு செட்டை தொங்கி, ரெண்டு மாதத்திலயும் கைப்பிடி அளவில நிக்கும். முதல் நாலு கிழமைக்குக் குஞ்சுத்தீன் குடுங்கோ. பத்துக் குஞ்சுக்கு அந்த நாலு கிழமைக்கும் 5 கிலோ அளவு வேணும். மலிவெண்டு 25 கிலோ மூட்டை எடுத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அது கோழிக்கு நஞ்சு. முட்டைக்கோழித் தீன் வீட்டில இருந்தாலும் குஞ்சுக்குப் போடக்கூடாது, அதில இருக்கிற சுண்ணாம்புச்சத்து குஞ்சின்ர சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

காசில்லாத புரதம் கறையான். பழைய மண்பானைக்குள்ள காய்ஞ்ச சாணம், கிழிஞ்ச சாக்குத்துண்டு, பழைய ஓலை திணிச்சு, தண்ணி தெளிச்சு, பின்னேரத்தில கறையான் ஓடுற இடத்தில கவிழ்த்து வையுங்கோ. விடிய, வெயில் ஏற முதல் எடுத்து உதறினால் குஞ்சுகள் மொய்க்கும். வெயில் ஏறினால் கறையான் மண்ணுக்குள்ள இறங்கீடும். கறையானுக்கு மருந்தடிச்ச வளவில மட்டும் எடுக்காதேங்கோ.

தண்ணிக்கு ஆழமில்லாத தட்டு, அதுக்குள்ள கூழாங்கல். வெறும் கோப்பை வைச்சால் குஞ்சு விழுந்து நனைஞ்சு விறைக்கும்.

விசுவமடு அம்மா:
நன்றி அண்ணை, மற்ற ஆக்களுக்கும். எங்கட அவர் மின்சாரப் பொரிகருவி ஒண்டு வாங்குவம் எண்டுறார். பேடு இல்லாமல் பல்ப்பில வளர்க்கிறது சுகமோ?

மல்லாவி வாசி:
முதல் தரத்துக்குப் பேடுதான் தங்கச்சி. காத்தாடி உள்ள பெட்டி 37.5 பாகையில நிக்கவேணும், 18ஆம் நாள் வரை தினம் மூண்டு தரமாவது முட்டையைத் திருப்பவேணும், தண்ணித்தட்டு வத்தக்கூடாது. மலிவுப் பெட்டியளின்ர வெப்பமானி ஒரு பாகை பொய் சொல்லும், அந்த ஒரு பாகையே குஞ்சைக் கொல்லும். கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் மேல சாக்குப் போட்டு மூடுங்கோ, ரெண்டு மணித்தியாலம் தாங்கும்.

பல்ப்பில வளர்க்கிறதெண்டால் முதல் கிழமை 35 பாகை, பிறகு கிழமைக்கு மூண்டு மூண்டாக் குறைக்கலாம். சித்திரையில பகலுக்குத் தேவையே வராது, இரவுக்குத்தான். குஞ்சுகள் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் குவிஞ்சால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் ஆவெண்டு இருந்தால் சூடு. இப்ப கடையில கிடைக்கிற எல்ஈடி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழைபல்ப் தேடவேணும், வைக்கோலில முட்டாமல் சங்கிலியில கட்டவேணும். பேட்டுக்கு இந்த வில்லங்கம் ஒண்டும் இல்லை.

கால்நடைப் பக்கம்:
நோய் விடயத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஒரேயடியாக எல்லாம் சாவது பெரும்பாலும் ராணிக்கெட் நோய். பச்சைக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், பிறகு கழுத்து முறுகல். வந்தபின் மருந்து கிடையாது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் கொடுப்பதில் பிழை இல்லை, ஆனால் அது இந்த நோயை நிறுத்தாது. தடுப்பூசிதான் வழி. முதல் கிழமையில் கண்ணில் ஒரு துளி, மூன்று நான்கு கிழமையில் இன்னொன்று, அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை. நாள்க்கணக்கு மருந்தின் வகைக்கு ஏற்ப மாறும், மிருக வைத்தியர் சொல்வதைப் பின்பற்றுங்கள். கன்னொருவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இரண்டு இடத்தில் பிழைக்கும். ஒன்று, குப்பி ஐஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வெயிலில் வருவது. உயிருள்ள மருந்து, சூடானால் வெறும் தண்ணீர். மற்றது, கரைத்த மருந்தை மிச்சம் பிடித்து மறுநாள் போடுவது. கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு குப்பி உங்கள் பத்துக் குஞ்சுக்கு மிக அதிகம், ஆகவே அயலவர்களின் கோழிகளையும் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள். அயலில் நோய் நின்றால்தான் உங்கள் வளவும் தப்பும்.

மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சின் எச்சத்தில் இரத்தம் கண்டால் அது இரத்தக்கழிச்சல். ஈரப் படுக்கையில் பெருகும். காய்ந்த உமி இரண்டு அங்குலம் போட்டு, நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளுங்கள். அம்பிரோலியம் என்ற மருந்து தண்ணீரில் கலந்து கொடுப்பது, அளவை வைத்தியரிடம் கேளுங்கள். கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருப்போல வந்தால் கோழி அம்மை. நுளம்பு பரப்பும், மழைக்காலத்தில் கூடும். அதற்கும் தடுப்பூசி உண்டு.

செத்த கோழியைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். பிள்ளைகள் குஞ்சை முகத்தோடு அணைக்கக் கூடாது, தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பேடு அருகில் நிற்கும்போது சின்னவனைக் குனிய விடாதீர்கள், கண்ணைத்தான் கொத்தும்.

ஒட்டுசுட்டான் தச்சன்:
கூட்டுக்கு என்ர பங்கு. 12 கோழிக்கு 4 அடிக்கு 3 அடி, நிலத்தில இருந்து ரெண்டரை அடி உயரம். அறுகோணக் கோழிவலை கீரிக்குக் காணாது, பல்லால இழுத்துப் பிரிக்கும். கம்பியள் ஒட்டின அரை அங்குல ஒட்டுவலைதான். பெரிய பாம்பும் நுழையாது. கதவுக்குக் கயிறு கட்டாமல் கொளுக்கி போடுங்கோ, மரநாய் இரவில கயிறைத் தளர்த்தும். தகரக்கூரை மத்தியானம் அடுப்பு. மேல ரெண்டு அடுக்குக் கிடுகு போட்டுக் கட்டினால் இறங்கும். காத்துக்குப் பக்கவலை திறந்தே இருக்கட்டும், சாக்கால மறைக்கிறது மழைக்கு மட்டும்.

பகலில முதல் மூண்டு கிழமை குஞ்சைக் கரப்புக்குள்ள விடுங்கோ. தினம் இடம் மாத்தினால் புதுப் புல்லும் பூச்சியும் கிடைக்கும், எச்சமும் ஒரே இடத்தில சேராது. அதுக்குப் பிறகு காகமும் பிராந்தும்தான் பிரச்சினை. முல்லைத்தீவுக் கரையில பழுதான மீன்வலை கிடைக்கும், பட்டிக்கு மேல ஆறடி உயரத்தில கட்டினால் ரெண்டும் இறங்காது.

விசுவமடு அம்மா:
கனக்க விளங்கீட்டுது. கடைசிக் கேள்வி: சேவலோ பேடோ எண்டு எப்ப தெரியும்? சின்னவன் இப்பவே பெயர் வைக்க நிக்கிறான்.

நெடுங்கேணித் தோட்டம்:
ஆறு, எட்டுக் கிழமையில சேவல்குஞ்சின்ர பூ (கொண்டை) சிவந்து தடிக்கும், கால் மொத்தமா இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிழமையில முதுகின்ர பின்பக்கத்தில கூர்மையான மினுங்கல் இறகு வந்தால் சேவல்தான், சந்தேகமில்லை. அதுவரைக்கும் ரெண்டுக்கும் பொருந்துற பெயரா வைக்கச் சொல்லுங்கோ. பாதி சேவலாத்தான் வரும், ஒண்டை விட்டு மிச்சத்தை வித்திடுங்கோ, இல்லாட்டி அஞ்சாம் மாதம் தொடங்கிக் கொத்துப்பட்டுப் பேடுகளையும் சாப்பிட விடாதுகள்.