கொரங்காட்டு வெள்வேல மரம் ஆறு மாதத்தில் எவ்வளவு பருக்கும்?

காங்கேயத்துப் பொண்ணு:
தாவரவியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு டிசம்பர் முதல் மே வரை ஆறு மாதம்தான். எங்கள் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், நாற்பது வெள்வேல மரங்கள் நிற்கின்றன, அவற்றின் வளர்ச்சியை அளக்கலாம் என்று தையல் டேப்போடு போனேன். ஒரே மரத்தை மூன்று முறை சுற்றினால் 92, 93, 91 சென்டிமீட்டர் என்று மூன்று அளவு வருகிறது. துளை போட்டு வளையத்தை எண்ணலாம் என்கிறாள் தோழி, அப்பிச்சி விடமாட்டார். என்ன செய்யலாம்ங்க?

வனவியல் படித்தவன், மேட்டுப்பாளையம்:
அப்பிச்சி சொல்வதுதான் சரி. துளை வழியாகப் பூஞ்சை இறங்கும். அதோடு தேக்கில் தெரிகிற மாதிரி வருட வளையம் நம்ம ஊர் மரங்கள் பலவற்றில் தெளிவாகத் தெரியாது. சுற்றளவு எடுக்கத் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் பெயிண்டால் கோடு போட்டுக்கொள், தொங்கும் பட்டையை மட்டும் தட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் அதே கோட்டில், காலையிலேயே அள. வெயில் ஏற ஏற மரம் நீரை இழந்து கொஞ்சம் சுருங்கும். தையல் டேப் இழுபடும், இரும்பு டேப் வாங்கு. ஆனால் ஒன்று, சுற்றளவில் 1 சென்டிமீட்டர் தப்பினால் விட்டத்தில் 3 மில்லிமீட்டர் தப்பும். நீ எடுத்திருப்பதோ மழை ஓய்ந்த மாதங்கள், மானாவாரி மரத்தின் வளர்ச்சி அந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். இந்த வருடம் முதல் அளவை மட்டும் எடுத்து, மரத்துக்கு நம்பர் போட்டு, நோட்டைத் துறையில் கொடுத்துவிடு. அடுத்தடுத்த பேட்ச் அளக்கட்டும்.

பட்டிக்காரர், தாராபுரம்:
நான் படிச்சவனில்லை கண்ணு, நாற்பது வருடமாக ஆடு மேய்க்கிறேன். மரம் பருப்பதை விடு, கன்று இருக்கிறதா பார். எங்கள் பக்கத்தில் பல கொரங்காட்டில் கிழ மரமாக நிற்கிறது, அதற்குக் கீழே ஒரு கன்றும் இல்லை, அந்த மரங்கள் விழுந்தால் அப்புறம் நிழல் ஏது? வெயில் காலத்தில் காய் உதிரும், ஆடு தின்று புழுக்கையில் கொட்டை போடும், அது மழைக்கு முளைக்கும். முளைத்ததை ஆடே கடித்துவிடும். கிளுவை வேலியோரம் முள்ளுக்குள் முளைத்ததுதான் தப்பிக்கும். இதை எண்ணி எழுதினால் எங்களுக்கும் உதவும்.

வனவியல் படித்தவன், மேட்டுப்பாளையம்:
அண்ணன் சொன்னதுதான் நல்ல ப்ராஜெக்ட். பெரிய மரத்துக்குப் பத்து மீட்டர் சதுரம், கன்றுக்கு அதற்குள் ஒரு மீட்டர் சதுரம் கட்டி எண்ணு. வேலியோரம் எத்தனை கட்டமோ நடுக்காட்டிலும் அத்தனை. நுனி காய்ந்த கிளை, புல்லுருவி ஏறிய மரம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்.

காங்கேயத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றிங்க. நேற்று முதல் ஆறு கட்டம் முடித்தேன். வேலியோரம் மூன்றில் 9 கன்று, நடுவில் மூன்றில் ஒன்றே ஒன்று, அதுவும் நுனி கடிபட்டது. கடிபட்டதை எண்ணலாமா?

பட்டிக்காரர், தாராபுரம்:
எண்ணு கண்ணு. உயரத்தையும் எழுது, மழைக்கு அது மறுபடி துளிர்க்கும்.