வீட்டில் குவியாடி மாட்டியவர்கள் வாருங்கள், உங்கள் கதை என்ன?

கானாடுகாத்தான் மருமகள்:
கடைகளில் திருடர்களைப் பார்க்க மாட்டுவார்களே, அந்தப் புடைத்த கண்ணாடிதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. தாம்பாளம் அளவு, பித்தளைச் சட்டம். முகப்பில் சாய்த்து மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளோடு சேராது என்று வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், மாட்டினோம். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்த அன்று ஆளாளுக்கு அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பத்தா எழுந்து போய்ப் பார்த்தார். முற்றம், மேலே வானம், சுற்றிலும் தூண்கள், மொத்த வளவும் அதற்குள் இருக்கிறது.

"பர்மாவே கைய விட்டுப் போச்சு, அங்கேருந்து வந்த தூணு மட்டும் நிமிந்து நின்னுச்சு. அதையும் வளைச்சுப்புட்டீகளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. பந்தியில் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பள்ளத்தூரான்:
உங்களுக்கு அப்பத்தாவின் கோபத்தோடு போனது. எங்களுக்குச் சமையல்கார அம்மாவே போய்விட்டார். பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்தால் இரண்டாங்கட்டு வாசல்வரை கண்ணாடியில் தெரியும். ஆத்தாவுக்கு அதுவே பொழுதுபோக்கு. ஒரு மத்தியானம் எட்டிப் பார்க்கிறேன், கண்ணாடிக்குள் அந்த அம்மா கையில் ஜல்லிக்கரண்டியோடு நேராக ஆத்தாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "என்ன ஆச்சி, சீடைய எண்ணியாச்சா?" அவ்வளவுதான் கேட்டார். தீபாவளி முடிந்ததும் கிளம்பிவிட்டார். நமக்கு அவர் கண் தெரிந்தால் அவருக்கும் நம் கண் தெரியும் இல்லையா?

கோட்டையூர் ராணி:
முற்றத்துப் பக்கம் மாட்டவே மாட்டாதீர்கள். வெயிலை இழுத்துப் பிடிக்கும். எங்கள் வீட்டில் எதிரே கொடியில் கிடந்த துண்டு பொசுங்கிவிட்டது, வட்டமாக ஓட்டை. சாம்பிராணி வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தேவகோட்டை வாத்தியார்:
ராணி அவர்களே, குவியாடி அந்தக் காரியத்தைச் செய்யவே செய்யாது. அது ஒளியை விரித்து அனுப்பும். ஒரே புள்ளியில் குவித்துச் சுடுவது குழியாடி, அதாவது சவரக் கண்ணாடி வகை. சந்தேகம் என்றால் கிட்டே போய் முகத்தைப் பாருங்கள். பெரிதாகத் தெரிந்தால் குழி. குவியாடியில் எவ்வளவு கிட்டே போனாலும் எட்டி நின்றாலும் நிமிர்ந்த, சின்ன உருவம்தான். லாரி, கார் பக்கவாட்டுக் கண்ணாடியும் இதே ஜாதி.

கானாடுகாத்தான் அம்மாவுக்கு: தூண் வளைவது கண்ணாடியின் குணம். 1434இல் யான் வான் எய்க் வரைந்த ஓவியம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கணவன் மனைவிக்குப் பின்னால் சுவரில் குவியாடி, அதற்குள் அவர்கள் முதுகும் அறை முழுக்கவும் வளைந்து தெரியும். நடுவில் வருகிற கோடு மட்டும் நேராக நிற்கும், விளிம்புக்குப் போகப் போகத்தான் வளையும். ஆகவே ஒரு தூண் நட்டநடுவில் விழுகிற மாதிரி இடம் பாருங்கள். புடைப்பு குறைந்த கண்ணாடி என்றால் வளைவும் குறையும், ஆனால் வளவு முழுக்க அடங்காது.

அப்புறம் ஆணி. நம் செட்டிநாட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. சுத்தியலால் அடித்தால் பிளந்துவிடும். மேலே உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கவிடுங்கள். மிகப் பழைய கண்ணாடி என்றால் பின்பக்கம் வெள்ளீயமும் பாதரசமும் பூசியிருக்கலாம். வெள்ளி பூசும் முறையை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்டுபிடித்ததே 1835இல்தான். பின்பக்கத்தைச் சுரண்டாதீர்கள், ஈரத்துணி போடாதீர்கள். என் வீட்டில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒன்று இருக்கிறது, பேரப்பிள்ளைகள் மோதிக்கொள்வதில்லை.

கோட்டையூர் ராணி:
சார், நான் என்ன பாடமா கேட்டேன்? துண்டு பொசுங்கியது பொசுங்கியதுதான். கடையில் கான்வெக்ஸ் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

தேவகோட்டை வாத்தியார்:
அப்படியானால் கடைக்காரரிடம் பில்லோடு போங்கள்.

கானாடுகாத்தான் மருமகள்:
ஆணியெல்லாம் அடிக்கவில்லை ஐயா, ஏற்கெனவே இருந்த கொக்கி. நடுத்தூண் யோசனையை அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்ப மத்த தூணெல்லாம் நம்ம தூணு இல்லையா?" என்று அப்பத்தா கேட்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?